அந்த மீன் பிஸ்கற்றில் முட்டை இல்லை

என் அன்புத் தங்கச்சி திரேசா,

உனக்கு நடந்தது அநியாயம். விரதம் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு முட்டை போட்ட பிஸ்கற்றைத் தின்னக் கொடுத்தாய் என்று உன்மேல் பழி சொன்னார்கள். நீ கொடுக்கவில்லை. சொன்னது நம் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி. கேட்டது இந்த ஒழுங்கை முழுவதும். அந்தப் பழியோடுதான் போன மார்ச் மாதம் உன்னைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

இனி ஆறுதலாக இரு. பழி தீர்ந்துவிட்டது.

எப்படித் தீர்ந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழியை ஊர் கேட்டது, ஆகவே இதையும் ஊர் வாசிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கும்படியாகவே எழுதுகிறேன். பரமேஸ்வரியிடம் முன்கூட்டியே கேட்டேன். "என்ர பேரையும் போட்டே எழுதுங்கோ அண்ணை" என்றாள். அதனால்தான் போட்டிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது உனக்குத் தெரியும். லோஞ்ச் படகு எஞ்சின் திருத்தவும் எழுதவும் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டையும் கழற்றிப் பார்த்துத்தான் பழகினேன். எழுதியதை ரீச்சராகிய நீ வாங்கி, சிவப்பு மையால் திருத்தித் தருவாய். நான் சண்டை பிடிப்பேன். இப்போது திருத்த ஆளில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வாசிக்கிறவர்களுக்காக அந்த மார்கழியை ஒருமுறை சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் பாலன் பிறக்கிற நத்தாருக்கு முன்னால் நம் முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பிஸ்கற் செய்வாய். மாவும் சீனியும் மாஜரினும் உன் பொறுப்பு. தணல் என் பொறுப்பு. சிரட்டைகளை எரித்துத் தணலாக்கி, தகரப் பெட்டிக்கு மேலேயும் கீழேயும் போட்டு, பிஸ்கற்றை வேகவைத்துத் தருவேன். அச்சுகளையும் நான்தான் பால்மா ரின்னை வெட்டிச் செய்து தந்தேன். வானத்து வெள்ளி ஒன்று, மீன் ஒன்று, மணி ஒன்று, வள்ளம் ஒன்று. வெந்து ஆறியதும் பிள்ளைகள் அவற்றின்மேல் ஐசிங் பூசி, பீற்றூட் சாற்றில் சிவப்பும் மஞ்சளில் மஞ்சளுமாகக் கோலம் போடுவார்கள். கோலத்தில் பாதி பிஸ்கற்றிலும் பாதி மூக்கிலும் இருக்கும்.

வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் நம்மைப்போல வேதக்காரர், பாதிப் பேர் சைவம். நத்தாருக்கு முந்திய அந்தக் கிழமைகளில்தான் சைவ வீடுகளில் பிள்ளையார் கதை விரதம் நடக்கும். அந்த நாட்களில் அந்த வீடுகளில் மச்சம் மாமிசம் புழங்குவதில்லை. முட்டையும் மச்சம்தான். அதனால் நீ இரண்டு மாப் பிசைவாய். ஒன்றில் முட்டை. மற்றதில் முட்டைக்குப் பதிலாகத் தடித்த தேங்காய்ப்பால். இரண்டும் வெந்து வந்தால் ஒரே நிறம், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காக ஒரு விதி வைத்தாய். முட்டை போட்ட மாவில் மீனும் வள்ளமும் வெட்டுவது. முட்டை போடாததில் வெள்ளியும் மணியும். விரத வீட்டுப் பிள்ளைகள் வெள்ளியையும் மணியையும்தான் எடுக்க வேண்டும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் அது மனப்பாடம்.

அந்த வருடம் பரமேஸ்வரியின் மகள் தாரணி இரண்டாம் வகுப்பு. நம் வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை முதலில் விட்டு, பிறகு உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறவள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். அப்படித்தான் போனாள். போகும்போது அவள் கையில் இருந்தது வெள்ளியும் இல்லை, மணியும் இல்லை. வால் கடித்த ஒரு மீன்.

கோயிலில் கதை கேட்டுவிட்டு வந்த தாய் அதைக் கண்டாள். அன்றிரவு பிள்ளைக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது. விடிந்ததும் பரமேஸ்வரி நம் படலையில் நின்று, ஒழுங்கையில் போகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தத் தொடங்கினாள். விரதத்தைக் கெடுத்ததாகச் சொன்னாள். அதோடு விட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். சமயம் மாற்றத்தான் பிள்ளைகளுக்கு இனிப்புக் காட்டுகிறீர்கள் என்றும் சொன்னாள்.

நீ ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னாய். "அதில முட்டை இல்லை, பரமேஸ்."

"மீனெண்டால் முட்டை, வெள்ளியெண்டால் முட்டையில்லையெண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தது ஆர்? நீங்கள்தானே ரீச்சர்?"

உன் விதியே உனக்கு எதிராக வந்து நின்றது.

நீ வெட்டும்போது நான் பார்க்கவில்லை. தணலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். உன்னிடம் கேட்டேன். தாரணி மீன் வேண்டுமென்று அழுதாள், முட்டை போடாத மாவில் ஒரு மீன் வெட்டிக் கொடுத்தேன் என்றாய். அப்படியென்றால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்போம், அவளுக்குத் தெரியும்தானே என்று நான் எழும்பினேன். நீ என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாய். "காய்ச்சலில கிடக்கிற பிள்ளையை எழுப்பி விசாரணை வைக்கிறதோ? இரும் அண்ணை" என்றாய்.

காய்ச்சல் மாறிய பிறகும் நீ விடவில்லை. தாயும் மகளும் எதிரெதிராக நிற்கும்படி எதையும் செய்ய மாட்டேன் என்றாய். உன் பெயர் போனால் பரவாயில்லையா என்று கேட்டேன். நீ அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாய். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பரவாயில்லையா? பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லையா?

நான் வேலிப் பொட்டைத் தகரம் வைத்து அடைத்தேன். அடுத்த நத்தாருக்குச் சைவப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. நீ ஒரு வருடம் மற்றப் பிள்ளைகளோடு செய்து பார்த்தாய். பாதிப் பிள்ளைகளோடு எனக்கு ஏலாது என்று சொல்லி அச்சுகளைக் கழுவி, துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாய். தாரணியைப் படிப்புக்கென்று யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். லீவில் வந்தால் உன்னைக் கண்டு மற்றப் பக்கத்தால் போவாள். அவளும் நம்பிவிட்டாள் என்று நினைத்தாய். அது உன்னை எவ்வளவு சுட்டது என்று எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும் தெரியும்.

உன் செத்தவீட்டன்று பரமேஸ்வரி ஒழுங்கையில் நின்றாள். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை.

இனித்தான் உனக்குத் தெரியாத பகுதி.

தாரணி இப்போது ரீச்சர். நம்பமாட்டாய். ஊர்காவற்றுறையிலேயே, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். இந்த மார்கழி தொடங்க ஒருநாள் காலையில் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். நான் கதிரையில் இருந்தபடியே பார்த்தேன். இருக்கச் சொல்லவில்லை.

"மாமா, ரீச்சரின்ர அச்சுகளை ஒருக்காத் தருவியளே? நத்தார் ஒளிவிழாவுக்குப் பிள்ளையளோட பிஸ்கற் செய்யப் போறம்."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அச்சு, உன் பிஸ்கற், அதைக் கேட்டு வந்து நிற்பது அந்த வீட்டுப் பிள்ளை.

"முதலில கொம்மா வந்து, திரேசா முட்டை குடுக்கேல்லையெண்டு சொல்லட்டும். பிறகு அச்சைப் பற்றிக் கதைப்பம்" என்றேன்.

"என்ன முட்டை?" என்றாள்.

நடிக்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அதனால் படலையில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே, வாசற்படியில் இருந்துவிட்டாள்.

"மாமா, அந்த மாவைப் பிசைஞ்சது நான்தானே. தேங்காய்ப்பால் விட்டு. கை முழுக்க ஒட்டினது இப்பவும் ஞாபகம். ரீச்சர் அந்த மாவிலதான் எனக்கு மீன் வெட்டித் தந்தவ."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை? மீனோ திண்டனி எண்டு அம்மா கேட்டா. ஓம் எண்டன். அவ்வளவுதான். விரதத்துக்க மீன்ர வடிவத்தில ஒண்டைத் திண்டதுதான் பிழையெண்டு நினைச்சனான். நான் அழுதபடியால்தானே ரீச்சர் வெட்டினவ. என்னாலதான் ரீச்சருக்குப் பேச்சு விழுந்ததெண்டு வெக்கத்தில அவவின்ர முகத்தைப் பாக்காமலே திரிஞ்சன்."

கேட்டாயா தங்கச்சி? அவள் உன்னை நம்பாமல் விலகிப் போகவில்லை. ஒரு வீட்டில் தாய் முட்டையை நினைத்துக் கேட்டிருக்கிறாள். மகள் மீனைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் அத்தோடு எழும்பிப் போய்விட்டார்கள்.

தாரணி அழுதுகொண்டு போனாள். அச்சைக் கொண்டுபோகவில்லை. பின்னேரம் தாயோடு வந்தாள்.

பரமேஸ்வரிக்கும் தலை நரைத்துவிட்டது. இரண்டு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சூசை அண்ணை, பிழை என்னிலதான். பிள்ளையிட்டை முழுசாக் கேக்காமல் கதைச்சுப்போட்டன்" என்றாள். இந்தச் சொல்லுக்காக எத்தனை காலம் காத்திருந்தேன்? வந்ததும் உடனே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"என்னட்டை மெதுவாச் சொல்லி என்ன பிரயோசனம்? அண்டைக்குச் சனத்துக்குக் கேக்கத்தானே சொன்னனீர். இதையும் சனத்துக்குக் கேக்கச் சொல்லும்."

"வயசு போயும் உங்கட வீம்பு போகேல்லை."

"அது போகாது."

தாரணி தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பரமேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு, பிஸ்கற் செய்யிற அண்டைக்குத் தாய்மாரும் வருவினம்தானே, அப்ப சொல்லுறன் என்றாள். நான் ஆணியில் தொங்கிய அலுமாரித் திறப்பை எடுத்துத் தாரணியிடம் கொடுத்தேன்.

முன்பள்ளியில் அடுப்பு வசதி இல்லை. அதனால் நம் முற்றத்திலேயே செய்தோம். சிரட்டை போதாது. தாய்மார் ஒவ்வொருவரும் உரப்பையில் கொண்டுவந்து கொட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருகிற மற்ற ரீச்சர் ஒருத்தி, கேட்காமல் கொள்ளாமல் நம் கிணற்றுத் தண்ணீரில் ஐசிங்கைக் கரைத்துவிட்டாள். முதல் நக்கிய பிள்ளையின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தீவுக் கிணறு உவர் என்று பட்டணத்து ஆட்களுக்கு எப்படித் தெரியும்? அதைக் கொட்டிவிட்டுப் பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரில் வேறு கரைத்தோம்.

பிள்ளைகள் உன் காலத்துப் பிள்ளைகளைப்போலத்தான். ஒன்று மாவை உருட்டி உருட்டிக் கறுப்பாக்கிவிட்டது. ஒன்று அலங்காரத்துக்கு வைத்த சீனி முத்துகளை எல்லாம் வாய்க்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல இருந்தது. ஒரு குட்டிப் பெடியன் மணி பிஸ்கற்றுக்குச் சிவப்பு ஐசிங்கில் நீளமாக ஒரு தும்பிக்கை வைத்து, பிள்ளையார் என்று காட்டினான். பக்கத்திலிருந்த வேதக்காரப் பெட்டை, பிள்ளையாருக்கும் நத்தாருக்கு உடுப்பு வேணும் என்று சொல்லி, அதற்கு மஞ்சளில் சட்டை போட்டுவிட்டாள். நீ இருந்திருந்தால் அதை ஒருவரையும் தின்ன விட்டிருக்க மாட்டாய்.

நான் வழக்கம்போலத் தணலுக்கு முன்னால் குந்தினேன். ஆனால் இந்த முறை முதுகைக் காட்டவில்லை. மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டு குந்தினேன்.

பரமேஸ்வரி கோயிலில் கதை முடிந்து நேரே வந்தாள். விரத நாட்களில் ஒரு நேரச் சாப்பாட்டுக்காரி, அன்றைக்கு இன்னும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. தாய்மார் அவளைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். அன்றைக்கு அவள் படலையில் நின்று பேசியதைக் கேட்டவர்கள் அவர்களில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவள் மேசையடிக்கு வந்தாள். முட்டை போடாத மா எது என்று மகளிடம் கேட்டாள். தாரணி காட்டினாள். பரமேஸ்வரி மீன் அச்சை எடுத்து, அந்த மாவில் ஒன்றை வெட்டி, தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

நான் அதை வேகவைத்துக் கொடுத்தேன். சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தாள். பிறகு தலைப்பக்கத்தைக் கடித்தாள்.

தும்பிக்கை வைத்த பெடியன் அவளின் அயல்வீடு. "ஆச்சி விரதத்தில மீன் தின்னுறா" என்று எல்லோருக்கும் அறிவித்தான்.

தாய்மார் சிரிக்கத் தொடங்கி, சிரிக்கலாமா என்று தெரியாமல் நிறுத்தினார்கள். பரமேஸ்வரி மென்று விழுங்கிவிட்டு, ஒழுங்கை வரைக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்.

"ஓமடா, திண்டனான். இதில முட்டை இல்லை. திரேசா ரீச்சர் என்ர பிள்ளைக்குக் குடுத்ததிலயும் முட்டை இல்லை. அவ சொன்னவ. நான் கேக்கேல்லை."

அவ்வளவுதான் தங்கச்சி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை.

நெஞ்சுக்குள் பல காலமாக நங்கூரம் போட்டிருந்த ஏதோ ஒன்று கிளம்பிப் போனதுபோல இருந்தது. கருகிய மணம் வந்த பிறகுதான் தணலைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு தட்டு முழுவதும் கரி. என் வாழ்நாளில் ஒரு பிஸ்கற்றையும் கருக விடாதவன் நான். பிள்ளைகள் அதற்கும் ஐசிங் பூசி, இரவு வெள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு முற்றம் கூட்டினேன். மாவும் சீனியும் எறும்புமாக ஒரே கோலம். எனக்குக் கோபமே வரவில்லை. இரவு நன்றாக நித்திரை கொண்டேன். இதை நான் எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

ஆனால் சொன்னதோடு முடியாது. செய்ய வேண்டியவை இருக்கின்றன. எல்லோரும் வாசிக்கத்தானே எழுதுகிறேன், ஆகவே ஆளாளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முட்டை போடாத மாவை இனிப் பரமேஸ்வரி தன் குசினியில், தன் பாத்திரத்தில், தன் கையால் பிசைந்து கொண்டுவர வேண்டும். அவள் பிசைந்த மாவைப் பற்றி அவளே சந்தேகப்பட ஏலாது. ஒப்புக்கொண்டுவிட்டாள். வடிவத்தை வைத்து மாவை அறிகிற விதி இனி வேண்டாம். தாரணி இரண்டு மேசை போட வேண்டும், மாவுக்கு ஒரு மேசை. எந்த மேசையிலும் எந்த அச்சும் இருக்கலாம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வேறு நாள், முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு நாள் என்று பங்குக் கோயிலில் கதைக்கிறார்களாம். அது நடக்காது. மறைக்கல்வி ரீச்சர்மார் தங்கள் பிள்ளைகளை அதே நாளில், அதே முற்றத்துக்குக் கூட்டிவர வேண்டும். பட்டணத்து ரீச்சர் கிணற்றடிக்குப் போகக் கூடாது.

அன்றைக்குப் படலையில் நின்று தலையாட்டியவர்கள் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமையும் இல்லை. பேரப்பிள்ளைகளை அனுப்பினால் போதும், சிரட்டையோடு. அந்தக் கதையை அனலைதீவு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் அதே வள்ளத்தில் ஏறிப்போய், இந்தக் கதையையும் அங்கே சேர்க்க வேண்டும். சுருக்காமல் சொல்ல வேண்டும்.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் குழிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று பங்குச் சுவாமியும் கேட்டார், சொந்தக்காரரும் கேட்டார்கள். ஊர் தாழ்ந்த குரலில் சொல்கிற பெயரைக் கல்லில் வெட்டி வைக்க எனக்குக் கை வரவில்லை. நேற்றுப் போய், கல் வெட்டுகிறவர்களிடம் உன் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயருக்குப் பின்னால் ரீச்சர் என்றும் வெட்டச் சொன்னேன். அது வழக்கமில்லை என்றார்கள். வெட்டாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்றேன். வெட்டுகிறார்கள்.

மார்ச் மாதத்து ஆண்டுப் பூசைக்கு முன்னால் அந்தக் கல் உன் தலைமாட்டில் நிற்கும். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் சொல்லை என்றும் நம்பிய,
உன் அண்ணை
சூசை